பிரைமரில ஓட்டு போடுறது எப்படி: வேட்பாளரை கட்சிக்காரங்க மட்டும் முடிவு பண்ண விடாதீங்க

நம்ம ஊர்ல கட்சி ஆபீஸ்ல விருப்ப மனு வாங்குவாங்க, நேர்காணல் நடக்கும், ஒருநாள் தலைமை பட்டியல் விடும், அவ்ளோதான். யாரை நிறுத்தலாம்னு ஓட்டு போடுறவங்ககிட்ட யாரும் கேக்குறதில்ல. அதே பழக்கத்தோட அமெரிக்கா வந்து சிட்டிசனும் ஆன நம்ம ஆளுங்க நிறைய பேரு நவம்பர்ல மட்டும் போய் ஓட்டு போட்டுட்டு வர்றாங்க, கட்சி சார்பா யாரு நிக்கணும்னு ஓட்டு போடுறவங்களே முடிவு பண்ற பிரைமரி தேர்தல் பக்கம் எட்டிப் பாக்குறதே இல்ல. ஆனா இங்க ஏகப்பட்ட தொகுதி ஏதோ ஒரு கட்சியோட கோட்டை, அந்தக் கட்சி பிரைமரில யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்கதான் நவம்பர்லயும் ஜெயிக்கப் போறாங்க, அப்போ உண்மையான தேர்தல் எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இந்த உரிமை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். 1968ல டெமாக்ரடிக் கட்சில ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரில கூட போட்டி போடாமலேயே ஜனாதிபதி வேட்பாளர் ஆனாரு, கட்சி மாநாட்டுல ஓட்டு போட்டு வேட்பாளரை முடிவு பண்ற டெலிகேட்டுங்க, அதாவது பிரதிநிதிங்க, பெரும்பாலும் கட்சித் தலைவருங்க கையில இருந்தாங்க. வியட்நாம் போரை எதிர்த்து ஓட்டு போட்டவங்களுக்கு வயிறு எரிஞ்சது, சிகாகோ மாநாட்டுக்கு வெளிய போலீஸ் அடிதடி, உள்ள கூச்சல், நவம்பர்ல தோல்வி. அதுக்கப்புறம்தான் மெக்கவர்ன்-ஃப்ரேசர் கமிஷன் போட்டு, டெலிகேட்டுங்களைத் தேர்ந்தெடுக்கறதுல ஜனங்களுக்கும் பங்கு இருக்கணும்னு விதியை மாத்துனாங்க. ஆனா 1972ல அந்தக் கமிஷனுக்குத் தலைவரா இருந்த அதே மெக்கவர்ன் ஜனாதிபதி வேட்பாளரா நின்னு 49 மாநிலத்துல தோத்தாரு, "பாத்தீங்களா, ஜனங்க கையில விட்டா இப்படித்தான்"னு கட்சிக்குள்ள பேச்சு வந்துச்சு, 1984லேர்ந்து சூப்பர் டெலிகேட்னு ஒரு கூட்டத்தை உள்ள கொண்டு வந்தாங்க, எம்பி, கவர்னர், கட்சி நிர்வாகி இவங்கல்லாம் யாருக்கு வேணா ஓட்டு போடலாம். 2016ல அந்த மாதிரி 700 பேருக்கு மேல இருந்தாங்க, பெரும்பாலானவங்க ஹிலரி கிளிண்டன் பக்கம், அவங்களை எதிர்த்து நின்ன பெர்னி சாண்டர்ஸோட ஆளுங்க கொதிச்சுப் போனாங்க. 2018ல விதியை மாத்தி, போட்டி இழுபறியா இருந்தா மாநாட்டு ஓட்டுல முதல் சுத்துல அவங்க ஓட்டு கிடையாதுன்னு வச்சாங்க.

கட்சிக்காரங்க சொல்றதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் கூட வருஷக்கணக்கா வேலை பாத்தவங்களுக்கு அவங்க குணம் நம்மளைவிட நல்லா தெரியும். அதை வெளிப்படையா சொல்லட்டும், முடிவை நம்மகிட்ட விடட்டும். 2020ல பைடன் முதல் மூணு மாநிலத்துலயும் தோத்துட்டு நின்னப்ப சவுத் கரோலினா எம்பி ஜிம் கிளைபர்ன் பகிரங்கமா ஆதரவு சொன்னாரு, மூணாவது நாள் அந்த ஊர் ஜனங்க பைடனை பெரிய வித்தியாசத்துல ஜெயிக்க வச்சாங்க. அது சரியான முறை. 2024 ஜூலைல பைடன் விலகுனதும் கமலா ஹாரிஸை ஆகஸ்ட் முதல் வாரத்துலயே டெலிகேட்டுங்க ஆன்லைன் ஓட்டுல முடிவு பண்ணாங்க, நேரம் இல்லதான், நம்ம தமிழ்நாட்டு ஷ்யாமளா கோபாலனோட பொண்ணுன்னு எனக்கும் அவ்ளோ சந்தோஷம், இருந்தாலும் அந்த வருஷம் அவங்க பேர்ல ஜனங்க ஒரு பிரைமரி ஓட்டு கூட போடலங்கறது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

சரி, செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். கிரீன் கார்டு மட்டும் இருந்தா ரிஜிஸ்டர் பண்ணாதீங்க, யாராவது ஃபார்மை நீட்டினாலும் கையெழுத்து போடாதீங்க, பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கே ஆபத்து. சிட்டிசன் ஆனவங்க உங்க மாநில எலக்ஷன் வெப்சைட்ல போய் பேரு இருக்கா, கட்சின்னு இருக்கற இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. இதுலதான் முக்காவாசி பேரு கோட்டை விடுறாங்க. நியூயார்க், பென்சில்வேனியா, ஃப்ளோரிடால அந்தக் கட்சில பதிவு பண்ணவங்க மட்டும்தான் அந்தக் கட்சி பிரைமரில ஓட்டு போட முடியும். நியூயார்க்ல ஜூன் பிரைமரிக்கு பிப்ரவரி 14க்குள்ள கட்சியை மாத்தியாகணும், முன்னாடி இன்னும் மோசம், முந்தின வருஷ அக்டோபர்லயே கெடு முடிஞ்சிடும், அதனால 2016ல ட்ரம்ப்போட சொந்தப் புள்ளைங்க எவாங்காவும் எரிக்கும் அப்பாவுக்கு அந்த பிரைமரில ஓட்டு போட முடியாமப் போச்சு. டெக்சாஸ், வர்ஜீனியா, ஜார்ஜியால இந்தப் பிரச்சனை இல்ல, அன்னிக்குப் போய் எந்தக் கட்சி பேலட் (ஓட்டுச் சீட்டு) வேணும்னு சொன்னாப் போதும், ஆனா டெக்சாஸ்ல மார்ச்ல ஒரு கட்சிக்குப் போட்டுட்டு மே ரன்-ஆஃப்ல, அதாவது ரெண்டாவது சுத்துல, இன்னொரு கட்சிக்கு மாற முடியாது. கலிஃபோர்னியால எம்பி, கவர்னர் பதவிக்கெல்லாம் எல்லா கட்சியும் ஒரே பேலட், முதல் ரெண்டு பேரு நவம்பருக்குப் போவாங்க.

நியூஜெர்சி ஆளுங்க இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. இங்க கட்சி எதுவும் சேராதவங்க பிரைமரி அன்னிக்கே பூத்ல கட்சியைச் சொல்லிக்கலாம், வேற கட்சில இருக்கறவங்கதான் 55 நாள் முன்னாடியே மாத்தணும். ஆனா இங்க உண்மையான வில்லங்கம் பேலட் தாள்லயே இருந்துச்சு. நம்ம மாவட்டம் மாதிரி இங்க இருக்கற 21 கவுண்டில 19ல கட்சி ஆதரிக்கற ஆளுங்க பேரெல்லாம் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே வரிசையா, பளிச்சுனு போடுவாங்க, எதிர்த்து நிக்கறவங்க பேரு எங்கயோ ஓரத்துல தனியா கிடக்கும். ஓட்டு என்னமோ ஜனங்கதான் போட்டாங்க, ஆனா ஜெயிக்கறது யாருன்னு கட்சியோட கவுண்டி சேர்மனுங்க அந்த வரிசையை வச்சே பாதி முடிவு பண்ணிட்டாங்க. 2024 செனட் பிரைமரில அப்போதைய கவர்னர் மனைவி டாமி மர்ஃபிக்கு பெரிய கவுண்டி சேர்மனுங்க மளமளன்னு ஆதரவு குடுத்தாங்க, அவங்களை எதிர்த்து நின்ன எம்பி ஆண்டி கிம் விடாம கோர்ட்டுக்குப் போனாரு, மார்ச் கடைசில டாமி மர்ஃபி விலகுனாங்க, சில நாள்லயே டெமாக்ரடிக் பிரைமரிக்கு அந்த வரிசை கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு போட்டாரு. 2025ல சட்டமே மாறிடுச்சு, இப்போ ஒரு பதவிக்கு நிக்கற எல்லார் பேரும் ஒரே கட்டத்துக்குள்ள. அதனால இனிமே பேரை நீங்களே தேடிப் படிச்சுதான் போடணும்.

பிரைமரிக்கு முன்னாடி வீட்டுக்கு சாம்பிள் பேலட் வரும், அதைக் குப்பைல போடாம உக்காந்து ஒவ்வொரு பேரா பாருங்க. எல்லாரும் ஒரே கட்சிங்கறதால கட்சியை வச்சு முடிவு பண்ண முடியாது, ஆளைத்தான் பாக்கணும். ஏற்கனவே பதவில இருந்தவங்கன்னா எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு பாருங்க, செனட், காங்கிரஸ் ஆளுங்களுக்கு யாரு பணம் குடுத்தாங்கன்னு ஃபெடரல் எலக்ஷன் கமிஷன் சைட்லயே கிடைக்கும். பேலட்ல கட்சி ஸ்லோகன் எதுவும் பேருக்குக் கீழ இருந்தா அது யாரு ஆதரவுன்னு காட்டும், தெரிஞ்சுக்கோங்க, அதுக்காக அப்படியே டிக் பண்ணிடாதீங்க.

நியூஜெர்சில சில வருஷம் அதே பேலட்ல கவுண்டி கமிட்டினு ஒரு இடம் இருக்கும், பல தெருவுக்கு அதுல நிக்க ஆளே இருக்காது. லோக்கல்ல கட்சி யாரை ஆதரிக்கும்னு முடிவு பண்ற இடத்துல உக்காரப் போறது அந்த கமிட்டி மெம்பருங்கதான், அதுக்கு நிக்க உங்க தெருவுல கொஞ்சம் கையெழுத்து வாங்கினாப் போதும். மனு குடுக்கற கெடு மார்ச் கடைசிலயே முடிஞ்சிடும், பிப்ரவரிலயே உங்க ஊர் முனிசிபல் கிளார்க் ஆபீசுக்கு போன் பண்ணி ஃபார்ம் கேளுங்க.