தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வந்து நின்றால்

நாகப்பட்டினம், காரைக்கால், கோடியக்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் 1554 என்ற எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள், கடலோரக் காவல்படையின் இலவச அவசர எண் அது. டவர் கிடைக்காத தூரத்தில் விஎச்எஃப் வயர்லெஸ் ரேடியோவில் 16ஆம் சேனல்தான். சரி, உங்களை மீட்க ஹெலிகாப்டர் வந்துவிட்டது. காற்று பேயாக அடிக்கும், அதனால் தார்ப்பாய், தெர்மாகோல் பெட்டி, காலி கேன் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறுக்கிக் கட்டுங்கள், ஒரு துண்டு பறந்து மேலே சிக்கினாலும் எல்லாருக்கும் ஆபத்து. ஆளைத் தூக்கும் கம்பி மேலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கை தானாக நீளும், தயவுசெய்து உடனே தொடாதீர்கள், அதில் மின்சாரம் ஏறியிருக்கும், தண்ணீரிலோ படகிலோ பட்ட பிறகு பிடியுங்கள். கம்பியின் கொக்கியைப் படகில் மாட்டவே கூடாது. அப்புறம், கம்பியோடு வரும் பட்டையை அக்குளுக்கு அடியில் மாட்டியதும் கைகளைக் கீழேயே வையுங்கள், மேலே தூக்கினால் பட்டையிலிருந்து நழுவிவிடுவீர்கள்.