உண்ணியைப் பிடுங்கியாச்சே, அப்புறம் என்ன?

நாயின் காதுமடலில் பட்டாணி அளவுக்கு ஊதிய உண்ணி தென்பட்டதும் ஒருவர் தீப்பெட்டியைத் தேடுவார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்பார். இரண்டுமே வேண்டாம். திணறுகிற உண்ணி எச்சிலைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். கிருமி வருவது அந்த எச்சில் வழியாகத்தான். மெல்லிய நுனியுள்ள இடுக்கியால், தோலை ஒட்டினாற்போல் பிடித்து, நிதானமாக நேரே இழுங்கள். எடுத்ததை நகத்தில் வைத்து 'டப்'பென்று நசுக்குவதில் ஒரு திருப்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஸ்பிரிட்டில் போடுவதே நல்லது.

இதெல்லாம் சின்னத் தவறு. பெரிய தவறு, கண்ணில் பட்ட உண்ணியோடு கணக்கை முடித்துக்கொள்வது.

வீட்டு நாய்களை அதிகம் பிடிக்கிற பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. குஞ்சாக ஒருமுறை, வளர்ந்து இன்னொருமுறை, முழு உண்ணியாக மறுபடியும் என மூன்று முறை ரத்தம் குடிக்க ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் இறங்கிவிடுகிறது. தோலுரிப்பதும் முட்டையிடுவதும் சுவர் விரிசல், கதவிடுக்கு, படுக்கை மடிப்பில்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆக, வாராவாரம் ஷாம்பூ போட்டு நாயைக் குளிப்பாட்டிவிட்டு அதே பழைய சாக்கில் படுக்கவிட்டால் என்ன பயன்? படுக்கையைக் கொதிநீரில் துவையுங்கள், விரிசல்களை அடைத்துவிடுங்கள், உண்ணி மருந்தை ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் தொடருங்கள்.

மருந்து போடுவதிலும் கோளாறு நடக்கும். முதுகில் விடும் சொட்டு மருந்தை முடியின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவது விபரீதம், கோலி இன நாய்களுக்கு உயிரே போகலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. நாயும் பூனையும் ஒட்டிப் படுக்கும் வீடு என்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். "உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே, எப்படி உண்ணிக் காய்ச்சல்?" என்று பலர் வாதாடுவார்கள். இந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இறங்கிவிடும். காய்ச்சல் தெரிய 8 முதல் 20 நாள் ஆகும். அதற்குள் உண்ணி குடித்து முடித்துக் கீழே விழுந்திருக்கும். நாய் தட்டைத் தொடாது, மூலையில் சுருளும். அந்த நேரத்தில் நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. இந்நோயில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரை வயிற்றில் புண்ணையும் ஆக்கினால் ரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடு.

அதைவிட ஏமாற்றுவது, தானாகவே காய்ச்சல் விட்டுப்போவது. இரண்டு மூன்று வாரத்தில் நாய் பழையபடி குதிக்கும். கிருமி உள்ளே மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும்போதுதான் எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டது தெரியவரும். இந்தக் கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் எழுதித்தருவது இதனால்தான். மூன்றாம் நாளே வாலாட்டுகிறதே என்று மாத்திரையைப் பரணில் போடாதீர்கள். வெறும் வயிற்றில் கொடுக்கவும் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும்.

போன தடவை மிஞ்சிய மாத்திரையை இந்தத் தடவைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலோ, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் பேபீசியா என்ற வேறொரு உண்ணி நோயாக இருக்கலாம். டாக்சிசைக்ளின் மட்டும் அதை ஒழிக்காது, மருந்தே வேறு. ஒரே உண்ணி இரண்டு நோயையும் சேர்த்துத் தருவதும் உண்டு. ஹெபடோசூன் என்ற கிருமியோ கடியால் வருவதே இல்லை, நாய் தன்னைக் கடித்துச் சொறியும்போது உண்ணியை விழுங்குவதால் வருகிறது.

பரிசோதனைத் தாளையும் தவறாகப் படிக்கிறோம். ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல, கிருமி சிக்காமல் போயிருக்கலாம். மாறாக, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் காட்டும் சோதனை, குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் என்றே வரும். அதைப் பார்த்துப் பதறி மருந்தை மறுபடி தொடங்குவதை விட, தட்டணு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது உருப்படியானது.

உண்ணியிலேயே கவனம் வைத்துக் கொசுவை மறப்பதும் வழக்கம். இதயப்புழுவைப் பரப்புவது கொசு. உள்ளே போன குஞ்சுப்புழு முதிர ஆறேழு மாதம் ஆகும். முதிர்ந்த பெண் புழு ஒரு அடி நீளம் வரை வளரும். மாதாமாதம் தரும் தடுப்பு மாத்திரை வரப்போகும் கடியைத் தடுப்பதில்லை, கடந்த சில வாரங்களில் உள்ளே போன குஞ்சுகளைக் கொல்கிறது. நடுவில் சில மாதம் விட்டுவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையைத் தொடங்குங்கள், ரத்தச் சோதனையும் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு சோதனை வேண்டும், ஏனென்றால் இன்று உள்ளே இருக்கும் இளம் புழு இன்றைய சோதனையில் தெரியாது.