அமெரிக்காவில் பார்மசி டெக்னீஷியன்: தலைமைப் பொறுப்புக்குப் போகும் வழி

மருந்தாளுநருக்கு உதவும் பார்மசி டெக்னீஷியனுக்கு முதல் படி, டெக்னீஷியன்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று தரும் பி.டி.சி.பி. அமைப்பின் சான்றிதழ். தேர்வில் 90 கேள்விகள், நேரம் 1 மணி 50 நிமிடம், தேர்ச்சிக்கு 1400 மதிப்பெண். அங்கீகாரம் பெற்ற பயிற்சி அல்லது அதற்கு ஈடாகக் குறைந்தது 500 மணி நேர வேலை அனுபவம் வேண்டும்.

2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 20 மணி நேரத் தொடர்கல்வி தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பாட எண்ணின் கடைசி எழுத்து 'டி' (T) என்றிருந்தால்தான் கணக்கில் வரும், 'பி' (P) மருந்தாளுநருக்கானது. சட்டத்துக்கும் நோயாளி பாதுகாப்புக்கும் தலா 1 மணி கட்டாயம்.

அடுத்து, மருந்துச் சரிபார்ப்புச் சான்றிதழை எடுங்கள். எங்கள் பார்வையில் இதுதான் மதிப்பை உயர்த்தும் படி. மருந்தாளுநர் சீட்டை ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பிறகு, சக டெக்னீஷியன் எடுத்துவைத்தது சரியா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு; இரண்டிலும் 25 மி.கி. மாத்திரை உண்டு. அவசரத்தில் பெயரின் முன்பாதியை மட்டும் கண் படித்துவிடும். அதனால் முதலில் என்.டி.சி. எண் (மருந்துப் பொதியில் அச்சிட்ட அடையாள எண்), பிறகு மாத்திரையில் பொறித்த குறி, கடைசியில் எண்ணிக்கை. டெக்னீஷியன் இப்படிச் சரிபார்ப்பதை எல்லா மாநிலங்களும் அனுமதிப்பதில்லை. மாநில பார்மசி போர்டு விதியை முதலில் படியுங்கள்.

தலைமை டெக்னீஷியன் பதவி கேட்கும் முன், சரக்கு இருப்பையும் ஷிஃப்ட் அட்டவணையையும் சில மாதம் பொறுப்பேற்று நடத்துங்கள். நோயாளியிடம் போகுமுன் பிடிபட்ட தவறுகளைப் பதிவேட்டில் எழுதும்போது ஆளின் பெயரை விட்டு, காரணத்தை எழுதுங்கள். பெயர் போட்டால் அடுத்த தவறை யாரும் சொல்லமாட்டார்கள்.