வெட்டி ஒட்டிய குரலில் 'டிக்' சத்தம் வராமல் இருக்க

தைப்பூசத்துக்காக அக்கா மகள் பாடிய முருகன் பாட்டு ஒன்றை செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு அறையிலேயே பதிவு செய்தோம். மூன்று டேக், அதாவது முழுப்பாட்டையும் மூன்று முறை பாடிப் பதிந்தோம். சரணம் மூன்றாவதில் அருமையாக வந்திருந்தது, ஆனால் பல்லவியின் உருக்கம் முதல் டேக்கில்தான் இருந்தது. இரண்டையும் வெட்டி ஒட்டினேன், ஒட்டிய இடமெல்லாம் 'டிக்', 'டிக்'. அதைச் சரிசெய்ய இரண்டு இரவு போனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். இலவசம்தான் வேண்டும் என்றால் ஆடாசிட்டி போதும், ஆனால் பல டேக்குகளை ஒப்பிட்டு வெட்டும் வேலைக்கு ரீப்பர்தான் என் கைக்குப் பழகியது.

முதலில் மூலப் பதிவை வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் எல்லா டேக்கையும் கேட்டு, எந்த வரி எதிலிருந்து என்று தாளில் எழுதுங்கள்.

இனி வெட்டு. ரீப்பரில் எஸ் பட்டனைத் தட்டினால் வெட்டிவிடும். சிக்கல் எங்கே வெட்டுவது என்பதில்தான். வழக்கமான பதிவில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 எண்கள். அலை மேலே ஏறியிருக்கும்போது வெட்டி, கீழே இறங்கியிருக்கும் இன்னொரு அலையோடு ஒட்டினால் ஒலி ஒரே தாவலாகத் தாவும், அந்தத் தாவல்தான் 'டிக்'. அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் குறையும் (ஆடாசிட்டியில் இசட் பட்டன் அந்த இடத்தைத் தானே பிடித்துக் கொடுக்கும்). ஸ்டீரியோவில் இடது அலையும் வலது அலையும் ஒரே நேரத்தில் நடுக்கோட்டுக்கு வராது, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு துண்டையும் 5 முதல் 10 மில்லி செகண்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி கிராஸ்ஃபேடு போடுங்கள், அதாவது முதல் துண்டு மெல்ல அடங்க, அடுத்தது மெல்ல எழ வேண்டும்.

நான் தடுக்கியது இங்கேதான். நீளமாகப் போட்டால் இன்னும் மென்மையாக இருக்கும் என்று 80 மில்லி செகண்ட் போட்டேன். 'டிக்' போனது, ஆனால் நீட்டிப் பாடிய 'ஆ'வின் நடுவில் இரண்டு குரல் சேர்ந்து குடத்துக்குள் பாடுவது போல் கேட்டது. உயிரெழுத்து நீளும் இடத்தில் எப்படிப் போட்டாலும் காட்டிக்கொடுக்கும். அப்பன், பட்டு, பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ப்ப, ட்ட, க்க வரும்போது வாய் அடைத்து ஒரு கணம் சத்தமே நிற்கும். அந்த மௌனத்தில் வெட்டுங்கள், சொல்லின் நடுவிலேயே என்றாலும் யாருக்கும் தெரியாது. முருகாவில் வரும் 'க' அப்படி அடைபடாது, அதில் வெட்டி ஏமாறாதீர்கள்.

மூச்சுச் சத்தத்தை மொத்தமாக அழிக்காதீர்கள், பாடுவது மனிதக் குரலாகவே இருக்காது. 6 முதல் 8 டெசிபல் குறைத்தால் போதும். இடைவெளிகளையும் வெறுமையாக விடவேண்டாம். பாடுவதற்கு முன்பே யாரும் பேசாமல் பத்து நொடி அறையை மட்டும் பதிவு செய்து, அதை அங்கே நிரப்புங்கள். காத்தாடி இரைச்சல் திடீரென்று நின்று திரும்ப வந்தால் காது உடனே பிடித்துவிடும்.

பின்சேர்க்கை: உறுமியை இரண்டு மைக்கில் பதிவு செய்த ஒருவர், வெட்டிய பிறகு சத்தம் மெலிந்துபோனதாக எழுதியிருந்தார். ஒரு டிராக்கை மட்டும் நகர்த்தியிருக்கிறார். 1 மில்லி செகண்ட் நகர்ந்தாலே மைக்கை ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம், இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். வெட்டுவதற்கு முன் இரண்டையும் தேர்ந்தெடுத்து ரீப்பரில் ஜி பட்டனைத் தட்டி ஒன்றாகக் கட்டிவிடுங்கள்.