சூடு தாங்கும் மின்தேக்கிப் படலம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைபிரிட் காரின் இன்வெர்ட்டரில் உள்ள மின்தேக்கியைப் பிரித்தால், உள்ளே சுருட்டி வைத்திருப்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் படலம். தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். 105 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதை நம்ப முடியாது. இன்ஜின் பக்கத்தில் சூடு 140 டிகிரி வரை போகும் என்பதால், அதைக் காப்பாற்றவே குளிரூட்டும் ஏற்பாடு தேவைப்படுகிறது. இந்தச் சுமையை இறக்கத்தான் சூடு தாங்கும் பாலிமரில் நானோ துகள் கலந்து பார்க்கிறோம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது பேரியம் டைட்டனேட்டில். அதன் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்று காட்டும் எண்) ஆயிரத்தைத் தாண்டும். பாலிமருக்கோ 3 அல்லது 4. ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சேமிக்கும் ஆற்றல் மாறிலிக்கு நேர்விகிதத்திலும், மின்புலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். மாறிலி இரண்டு மடங்காகி, தாங்கும் மின்புலம் பாதியாகக் குறைந்தால், கைக்கு வருவது பழைய ஆற்றலில் பாதி. துகளைச் சுற்றியுள்ள பாலிமரில் மின்புலம் குவிவதும், துகள்கள் திரண்டு கட்டியாவதும் இந்தச் சரிவுக்குக் காரணம். படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மின்முறிவு (மின்சாரம் படலத்தைத் துளைத்துப் பாய்வது) அங்கேதான் தொடங்கும்.

இதைவிடப் பெரிய தவறு, இளகும் வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பாலிமரைத் தேர்ந்தெடுப்பது. பாலிஇமைடு 300 டிகிரியிலும் உருக்குலையாது. ஆனால் 150 டிகிரியிலேயே, மின்புலத்தை ஏற்ற ஏற்ற, மின்கசிவு பன்மடங்காக எகிறும். ஏற்றிய ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராமல் உள்ளேயே வெப்பமாகிவிடும். அந்த வெப்பம் கசிவை இன்னும் கூட்டும். அதனால் ஏற்றிய ஆற்றலைப் பெருமையாக எழுதாதீர்கள். திரும்பக் கிடைத்ததையும் திறனையும் (ஏற்றியதில் எத்தனை சதவீதம் திரும்பியது என்பதையும்) சேர்த்தே எழுதுங்கள். திறன் 90 சதவீதத்துக்குக் கீழே போன எண்ணை நான் ஒப்பீட்டுக்கே எடுப்பதில்லை. 2015-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 250 டிகிரி வரை வேலை செய்த படலத்தைக் காட்டியபோது, அதில் கலந்திருந்தது போரான் நைட்ரைடு மென்தகடுகள். மாறிலி குறைவுதான், ஆனால் மின்னூட்டம் நகர விடாது. சூட்டில் அதுதான் வேண்டும்.

அப்புறம், உலர்த்துவதில் அவசரம். படலம் வார்க்கப் பாலிமரைக் கரைக்கும் என்எம்பி (என்-மெத்தில் பைரோலிடோன்) கரைப்பானின் கொதிநிலை சுமார் 202 டிகிரி. ஒரு முறை பாலிஈதர்இமைடு படலத்தை 100 டிகிரியில் ஒரு இரவு மட்டும் வைத்து எடுத்தேன். தொட்டால் நன்றாகக் காய்ந்திருந்தது. 150 டிகிரியில் சோதித்தால் கசிவு தாறுமாறாக ஏறியது. துகள்தான் சரியில்லை என்று அதை மாற்றி மாற்றி இரண்டு வாரம் போனது. கடைசியில் பழைய படலத்தையே வெற்றிட அடுப்பில் 200 டிகிரியில் வைத்து எடுத்தேன், கசிவு அடங்கிவிட்டது. தப்பு துகளில் இல்லை, உள்ளே தங்கியிருந்த கரைப்பானில்.

இன்னொன்று, 2 மில்லிமீட்டர் மின்வாயில் கிடைத்த ஒரே ஒரு நல்ல எண்ணை முடிவாக அறிவிப்பது. உண்மையான மின்தேக்கியில் படலம் பல சதுர மீட்டர்; பரப்பு கூடக்கூட பலவீனமான இடமும் கூடும். பல இடங்களில் அளந்து வெய்புல் பரவலில் (எந்த மின்புலத்தில் எத்தனை இடம் முறியும் என்று காட்டும் புள்ளியியல் முறை) போடுங்கள். மின்வாயின் விட்டம், அளந்த இடங்களின் எண்ணிக்கை, வெப்பநிலை மூன்றையும் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.