ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பேனை ஒழுகாமல் மூடுவது எப்படி?

கடந்த மாசி மாதத்தில் என் பிக்கப் டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு நானே ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனை, இடைவெளியை அடைக்கும் புதிய பேக்கிங் வைத்து மூடிவிட்டு, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி வரை ஒருமுறை போய் வந்தேன். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் மூன்று சிவப்புக் கறைகள் இருந்தன. போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், கறை பெரிதாயிற்று. மறுபடியும் கழற்றி, பேக்கிங்கின் இரு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவி மூடினேன். இரண்டு நாள் தாங்கிவிட்டு, மூன்றாம் நாள் அதே மூலையில் ஒழுகியது. மூன்றாம் முறைதான் சரியாக அமைந்தது. பேக்கிங்கைக் குறை சொல்வதற்கு முன், அது உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன்

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக் கூடாது. நான்கு ஸ்டாண்டுகள் வேண்டும். கடலோர மணல் தரையாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை போடுங்கள். நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், கடைசியில் ஆயில் அளவு பார்க்கும்போது அது தேவைப்படும். ஆயில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, அதன் பிறகே இறக்கும் பிளக்கைத் தொடுங்கள். பழையதை இறக்கிய பிறகு ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டி அங்கேயே நின்றுவிடும்.

நம் பக்கத்து வண்டிகளில் பேனின் விளிம்பைச் சுற்றி உப்புக்காற்றின் துருவும் மணலும் படிந்திருக்கும். கழற்றும் முன்பே கம்பிப் பிரஷால் தேய்த்து, துடைத்துவிடுங்கள். கழற்றிய பிறகு தேய்த்தால் அந்தத் துகள்கள் கியர்பாக்ஸுக்குள் போய்விடும்.

பேனை இறக்குதல்

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள்; கை சுடும் அளவுக்கு வேண்டாம். இறக்கிய ஆயிலை அளவுக்கோடு போட்ட கேனில் ஊற்றி, எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய ஆயில் தங்கிவிடும் என்பதால், கையேட்டில் மொத்தக் கொள்ளளவாகப் போட்டிருக்கும் அளவை அப்படியே ஊற்றினால் மிகுதியாகிவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் விட்டால் அது கெடிலம் ஆற்றில்தான் போய்ச் சேரும். கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேனுக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு போல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் இருந்தால் பேனை மூடுவதைப் பற்றி யோசிக்காமல், கியர்பாக்ஸ் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். காந்தங்களைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வையுங்கள். ஃபில்டரை மாற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு; விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

நான் தடுக்கி விழுந்த இடம்

இரண்டாம் முறை ஒழுகியபோது பேனைக் கையில் எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரப் பெரியவர் நான் நீட்டிய பேக்கிங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேக்கிங்க விடுங்க தம்பி, பேன வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க" என்றார். விளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு சிறு கொப்புளம் போல மேலே எழும்பியிருந்தது. இரண்டு துளைகளுக்கு நடுவே ஸ்கேலுக்கு அடியில் கோடு போல வெளிச்சம் கசிந்தது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் என் ஆயில் வெளியேறிக்கொண்டிருந்தது.

இரும்புத் தகட்டுப் பேனில் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால், போல்ட்டின் தலை துளையைச் சுற்றியுள்ள தகட்டைப் பேக்கிங் பக்கமாக மேலே தள்ளிவிடும். அதன் பிறகு துளைகளின் அருகில் பேக்கிங் நசுங்கும். துளைகளுக்கு இடையில் அழுத்தமே இருக்காது. மேலும் இறுக்கினால் கொப்புளம் வளர்ந்து ஒழுகலும் வளரும். நான் செய்தது இதைத்தான்.

சரிசெய்வது எளிது. விளிம்பின் அடிப்பக்கம் நேரான மரக்கட்டையின் ஓரத்தில் படியும்படி பேனை வைத்து, பேக்கிங் உட்காரும் பக்கத்திலிருந்து உருண்டைத்தலைச் சுத்தியலால் ஒவ்வொரு துளையையும் மெல்லத் தட்டுங்கள். இரண்டு தட்டு, பிறகு ஸ்கேல். மறுபடி இரண்டு தட்டு, மறுபடி ஸ்கேல். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெளிச்சம் தெரியாத வரை இதைச் செய்ய வேண்டும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பேனின் மூலையே முறுக்கிக்கொண்டிருந்தாலோ, விளிம்பைத் துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ புதிய பேன் வாங்குவதே நல்லது. பிளாஸ்டிக் பேனைத் தட்டவே கூடாது. வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மேலே, பேன் வந்து ஒட்டும் கியர்பாக்ஸின் முகம் அலுமினியம். அதில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை பிளேடாலோ உளியாலோ சுரண்டினால் கீறல் விழும், கீறலே ஒழுகும் வழியாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியே போதும். கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு வேண்டவே வேண்டாம். அதன் பொடி, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போனால் பெரிய செலவு. பஞ்சு வேஸ்ட்டின் நூலிழைகளும் அப்படியே. பலமுறை துவைத்துத் தேய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துணியைத்தான் நான் பயன்படுத்துகிறேன், அதில் பிசிறு அதிகம் வராது.

அடுத்தது பொறுமை. துடைத்த முகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் மேலிருந்து ஆயில் சொட்டி மறுபடியும் ஈரமாக்கிவிடும். ஈரத்தின் மேல் சிலிக்கான் பிடிக்கவே பிடிக்காது. என் இரண்டாம் முயற்சி தோற்றதற்கு இதுவும் காரணம். மாலையில் பேனை இறக்கி, கீழே தட்டு வைத்து, தூசி புகாமல் சுற்றி மூடி, இரவு முழுவதும் சொட்ட விட்டேன். காலையில் பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து முகத்தை மட்டும் துடைத்தேன். போல்ட் துளைகளுக்குள் தேங்கிய ஆயிலையும் துணி நுனியைத் திருகி உள்ளே விட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போல்ட் பாதியிலேயே இறுகியதைப் போலக் காட்டும்.

பேக்கிங்கா, சிலிக்கானா?

தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அது மட்டும். ரப்பர் பேக்கிங் என்றால் அதைக் காய்ந்த நிலையில் அப்படியே வையுங்கள், சிலிக்கான் தடவினால் பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். கடைகளில் 'அனபாண்ட்' என்று பொதுப்பெயராகவே கேட்டு வாங்கி எல்லாவற்றுக்கும் தடவும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இந்த வேலையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் காய்ந்து, துண்டுகளாக உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

பேக்கிங்கே இல்லாமல் சிலிக்கானில் மூடும் வகை என்றால், கியர்பாக்ஸ் ஆயிலைத் தாங்கும் சிலிக்கானை வாங்கி, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் அறுபடாத ஒரே கோடாக, துளைகளுக்கு உள்பக்கமாக இடுங்கள். காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இது இறுகுகிறது; ஆகவே கடலூரின் புழுக்கத்தில் மேல்தோல் வேகமாகக் கட்டிவிடும். போல்ட்டுகளையும் சாக்கெட்டையும் அருகில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே டியூபைத் திறக்க வேண்டும். முழுதாக இறுக டியூபில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 24 மணி, கழிந்த பிறகு ஆயில் ஊற்றுங்கள்.

பேனைத் தூக்கும்போது கை ஆடிச் சிலிக்கான் கலைவதைத் தவிர்க்க, அதே மரையுள்ள இரண்டு நீள போல்ட்டுகளின் தலையை அறுத்து, எதிரெதிர் மூலைகளில் கையால் முடுக்கி வைத்தேன். பேன் அவற்றின் வழியே நேராக ஏறியது. மற்ற போல்ட்டுகளை முடுக்கிய பிறகு அந்த இரண்டையும் எடுத்துவிடலாம்.

இறுக்குதல்

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே முடுக்குங்கள். பிறகு நடுவில் தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி வெளிநோக்கிச் சென்று பாதி இறுக்கம். அதே வரிசையில் மீண்டும் முழு இறுக்கம். இந்தச் சிறிய போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் 7 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் அளவு. உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் பலத்திலேயே வந்துவிடும் அளவு அது. வீல் நட்டுக்கு வைத்திருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் பெரிய டார்க் ரென்ச் இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. கால் அங்குல சாக்கெட் மாட்டும் சிறிய டார்க் ரென்ச் வாங்குங்கள். இந்த வேலைக்காக நான் செலவழித்ததில் எனக்கு மனநிறைவு தந்த பொருள் அதுதான். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் துப்பாக்கியைப் பேன் பக்கமே கொண்டு வராதீர்கள்.

ஆயில் அளவு

குறித்து வைத்த அளவு ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி எடுங்கள். அளவுக்கம்பி (டிப்ஸ்டிக்) இல்லாத கியர்பாக்ஸில், குறிப்பிட்ட சூட்டில் சோதனைப் பிளக்கைத் திறந்து, ஆயில் மெல்லிய நூலாக வடிகிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் நிழலே நண்பகலில் அந்த அளவைத் தொட்டுவிடுவதால், விடியற்காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இதைத் தொடங்குங்கள்.

பிறகு சேர்த்தவை

புதுச்சேரியிலிருந்து ஒருவர், பேனின் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை என்று எழுதினார். பேனையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பவுடரில் ஈரக்கோடு பேனின் விளிம்பிலிருந்து தொடங்கவில்லை. மேலே, ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய் சேரும் இடத்திலிருந்து இறங்கியிருந்தது. பேனைக் கழற்றும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அவருக்கு இரண்டு பேக்கிங் மிச்சமாகியிருக்கும். நானும் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவரின் வண்டி, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வெள்ளத்தில் நின்றது. இறக்கிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்ததாகச் சொன்னார். அது நீர் கலந்த ஆயில். கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பரப்பை ஒட்டியிருக்கும் பசையை நீர் கெடுத்துவிடும். அந்த நிறத்தைக் கண்டால் பேனை மூடி வண்டியை ஓட்டாமல், இழுத்துக்கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள்.

மூன்றாம் முறை மூடிய பிறகு நான் ஒரு வாரம் அட்டையை எடுக்கவே இல்லை. தினமும் காலையில் டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். எட்டாம் நாளும் விரல் காய்ந்தே வந்தது.