ஆம்ஸ்டர்டாமில் எட்டு மணி நேரம்: நீண்ட இடைத்தங்கலை வீணாக்காமல் கழிக்க ஒரு வழிகாட்டி

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்பவர்களின் பயணச்சீட்டில், ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் ஏழெட்டு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டிய இடைவெளி அடிக்கடி அமைகிறது. அந்த நேரத்தை நாற்காலியில் அரைத்தூக்கத்தில் கழிப்பதா, ஒரு பழைய நகரத்தின் தெருக்களில் நடந்து கழிப்பதா என்பது பெரும்பாலும் பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இங்கே சொல்லப்போவதில் பாதிக்குமேல் வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை. எடுத்துக்காட்டாக ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தைக் கொள்கிறேன். அங்கே எல்லாப் பகுதிகளும் ஒரே கட்டடத்துக்குள் இணைந்திருக்கின்றன. ரயில் நிலையம் அதன் அடியிலேயே இருக்கிறது. நகர மையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய கால் மணி நேரம்தான் ஆகிறது. குறைந்த நேரத்தில் வெளியே சென்று திரும்புவதற்கு இவ்வளவு ஏற்ற பெரிய விமான நிலையங்கள் ஐரோப்பாவில் மிகச் சிலவே.

விசா

அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ கையில் இருந்தால் இடைப்பட்ட ஐரோப்பிய நகரத்துக்குள் நுழைந்துவிடலாம் என்று நம்முடையவர்களில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. விமான நிலையத்தைவிட்டு வெளியேற இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அமெரிக்க விசா இதற்கு ஈடாகாது. அது உதவுவது வேறோர் இடத்தில். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில், வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கும்கூட விமான நிலைய டிரான்சிட் விசா பெற வேண்டும் என்பது பொது விதி. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய அல்லது ஜப்பானிய விசா இருந்தால் அந்த விதியிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனாலும் தனித்தனி நாடுகள் தமக்கென இவ்விதியை விரிவாக்கிக்கொள்ள முடியும், மாற்றவும் முடியும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. இவற்றில் சிக்கினால் விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள். ஒன்று, ஒரே பயணத்தில் இரண்டு ஷெங்கன் விமான நிலையங்களில் மாறுவது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி அங்கிருந்து பாரிஸ் சென்று, பாரிஸிலிருந்து நியூயார்க் செல்லும்படி சீட்டு இருந்தால், ஆம்ஸ்டர்டாமிலேயே ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்தாக வேண்டியிருக்கும். அதற்கு முழு விசா வேண்டும். மற்றொன்று, விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகள். முதல் விமான நிறுவனம் பெட்டியை அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொடுக்காவிட்டால், நீங்களே வெளியே வந்து எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கும் விசா இல்லாமல் முடியாது.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் மாதத்திலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ; விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எட்டு மணி நேரத்துக்காக மட்டும் இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையில்லை என்பது என் கருத்து. போகும்போதும் திரும்பும்போதும் அதே நகரத்தில் நீண்ட இடைவெளி இருந்தாலோ, ஒரு பயணத்தையேனும் இரண்டு நாள் தங்கலாக மாற்றிக்கொள்ள விமான நிறுவனம் இடம் கொடுத்தாலோ விண்ணப்பியுங்கள். அப்போது இரண்டு முறை நுழைவதற்கான விசாவைக் கேட்டுப் பெற வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவில் போகும்போது வெளியே வந்துவிட்டால், திரும்பும்போது உள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர்கள், ஐரோப்பியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தக் கவலை எதுவுமின்றி அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

நேரக் கணக்கு

எட்டு மணி நேர இடைவெளி என்றால் நகரத்தில் எட்டு மணி நேரம் கிடைக்காது. காலை 7 மணிக்குத் தரையிறங்கிப் பிற்பகல் 3 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்திலிருந்து இறங்கி, நீண்ட நடைபாதைகளைக் கடந்து, கடவுச்சீட்டுச் சோதனை முடித்து ரயில் மேடைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் வெளிநாட்டினரின் நுழைவையும் வெளியேற்றத்தையும் முகப்படம் முதலிய அடையாளங்களோடு பதிவு செய்யும் புதிய முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியிருப்பதால், முதல் முறை நுழைபவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகலாம். 8.40-க்கு நகரத்தில் இருப்பீர்கள். திரும்பி வரும்போது விமானம் புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக, அமெரிக்கா செல்லும் விமானமென்றால் மூன்று மணி நேரம் முன்னதாக, நிலையத்துக்குள் கால் வைத்துவிட வேண்டும். ஆகவே நகரத்திலிருந்து 11.30-க்கு ரயில் ஏற வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கழித்தலைச் செய்துவிட்டுத்தான் வெளியே போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் வெளியே செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வரிசையில் நிற்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாகவே அந்த நேரம் போய்விடும். பருவத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்கால் மணிவாக்கில்தான் சூரியன் உதிக்கிறது, மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ஜூனிலோ இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. இந்திய நேரத்தைவிட நெதர்லாந்து கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

பெரிய பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும் என்பதால், காற்றையும் மழையையும் தாங்கும் மேலங்கி ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை விமான நிலையத்தின் பூட்டுப்பெட்டியில் கட்டணம் செலுத்தி வைத்துவிட்டு வெறுங்கையோடு செல்வது நல்லது. கடவுச்சீட்டும் போர்டிங் பாஸும் மருந்துகளும் மட்டும் உடலோடு இருக்கட்டும்.

நம் வீடுகளிலிருந்து புறப்படும் கைப்பைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் உள்ளே கொண்டுவருவதற்குத் தடை உண்டு; பால்கோவாவும் நெய்யும் இதில் அடங்கும். கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. உள்ளேயே இருந்து விமானம் மாறும்வரை இது பிரச்சினையாவதில்லை; சுங்கத்தைக் கடந்து வெளியே வரும்போதுதான் பறிமுதலுக்கும் அபராதத்துக்கும் இடமாகிறது. அன்போடு கட்டிக்கொடுத்த பண்டம் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்ப்பதைவிட, அதைப் பெரிய பெட்டியில் வைப்பதே மேல். சேருமிடத்தின் விதிகள் வேறு கேள்வி. ஊறுகாயும் தொக்கும் திரவமாகவே கருதப்படும் என்பதால் நகரத்திலிருந்து திரும்பும்போது பாதுகாப்புச் சோதனையில் அவையும் சிக்கும். வழியில் வாங்கிய வரியில்லாக் கடைப் புட்டிகளும் அப்படியே.

பணத்துக்கு வங்கி அட்டை போதும். நெதர்லாந்தில் ரயிலிலும் டிராமிலும் பேருந்திலும் தொடுகை வசதியுள்ள வங்கி அட்டையையே ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கருவியில் தொட்டுப் பயணம் செய்யலாம். தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. இறங்கும்போது தொட மறந்தால் கூடுதல் தொகை பிடிக்கப்படும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுகைப் பரிமாற்றமும் வழக்கமாக முடக்கப்பட்டே வருகின்றன; புறப்படும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

மூன்று மணி நேரத்தில் எங்கே போவது

ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் செய்ய வேண்டும். அருங்காட்சியகம், படகு, சந்தை, அரண்மனை என்று நான்கையும் தொட்டுவிட எண்ணுகிறவர் நான்கு வாசல்களின் வரிசைகளைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

முதல் முறை வருகிறவருக்கு என் பரிந்துரை கால்வாய்க் கரை நடை. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரால் ரயில் நிலையத்தின் முன்வாசலில் வெளியே வந்ததும் ஒருமுறை திரும்பி அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். 1889-இல் திறக்கப்பட்ட அதை வடிவமைத்த பியர் கைபர்ஸ்தான் நாட்டின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தையும் வடிவமைத்தவர். அங்கிருந்து மேற்கே நடந்து புரோவர்ஸ்கிராக்ட் கால்வாயை அடைந்து, பிரின்ஸன்கிராக்ட் கால்வாயின் ஓரமாகத் தெற்கே திரும்புங்கள். 17-ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு வெட்டப்பட்ட இந்தக் கால்வாய் வளையம் 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வீடுகளின் உச்சியில் கொக்கியோடு நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரங்களைக் கவனியுங்கள். மாடிப்படிகள் மிகக் குறுகலாதலால் சரக்குகளைக் கயிற்றில் கட்டி வெளியிலிருந்தே மேலே ஏற்றினார்கள்; ஏறும் சரக்கு சுவரில் இடிக்காதிருக்க வீட்டின் முகப்பையே தெருப்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள். அதே கரையில் ஓவியர் ரெம்ப்ராண்ட் அடக்கம் செய்யப்பட்ட வெஸ்டர்கெர்க் தேவாலயமும், அதற்கு அருகில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை, நாட்குறிப்பால் அறியப்பட்ட யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த வீடும் இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் செல்லும் சீட்டுகள் இணையத்தில் மட்டுமே, செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரம் முன்னதாக வெளியிடப்படுகின்றன. வாசலில் நின்று கேட்டுப் பயனில்லை. தேவாலயத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடத்தில் டாம் சதுக்கம். அங்கிருந்து இன்னொரு பத்து நிமிடத்தில் ரயில் நிலையம். நின்று பார்த்து நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிவப்பு நிறப் பாதை மிதிவண்டிகளுக்கு உரியது; அதில் நின்று படம் எடுக்காதீர்கள்.

நேரம் மிஞ்சினால், டாம் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் அவுட ஹோக்ஸ்திராட் தெருவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமையகம் இருக்கிறது. இன்று அது பல்கலைக்கழகக் கட்டடம். 1602-இல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. சோழமண்டலக் கரையின் துணி வணிகத்துக்கு இந்த ஊரிலிருந்துதான் கட்டளைகள் போயின என்ற நினைவோடு அங்கே நிற்பது நமக்கு வேறொரு அனுபவம்.

பத்து மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போகலாம். விமான நிலைய வாசலிலிருந்து 397 எண் பேருந்து நேராக அருங்காட்சியகச் சதுக்கத்துக்குச் செல்கிறது. ஆண்டின் எல்லா நாள்களிலும் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரெம்ப்ராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியமும் வெர்மீரின் ஓவியங்களும் உள்ள தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆம்ஸ்டர்டாமை முன்பே பார்த்தவர்கள் எதிர்த்திசை ரயிலில் ஏறி லைடன் நகரத்துக்குச் செல்லலாம். ஏறக்குறைய இருபது நிமிடம். கூட்டம் குறைந்த, நடந்தே சுற்றிவிடக்கூடிய கால்வாய் நகரம் அது. எட்டு மணி நேர இடைவெளிக்குத் தலைநகரைவிடப் பொருத்தமானது என்றே சொல்வேன். 1575-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், 1590-இல் தொடங்கிய அதன் தாவரத் தோட்டமும், எகிப்து அன்பளிப்பாகக் கொடுத்த தஃபே கோவிலை முகப்புக் கூடத்தில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகமும் ராப்பன்பர்க் கால்வாயின் கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பல நாட்டுக் கவிதைகள் அவற்றின் சொந்த எழுத்திலேயே வீட்டுச் சுவர்களில் தீட்டப்பட்டிருப்பதையும் வழியெங்கும் காணலாம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் கொடையளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள் 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்திடம்தான். ஆய்வுலகம் அவற்றை லைடன் செப்பேடுகள் என்றே அழைத்தது. அவை நூலகச் சேமிப்பில் வைத்துக் காக்கப்பட்டவை. பொதுக் காட்சியில் இருந்தவை அல்ல. அவற்றைப் பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.

வெளியே செல்ல முடியாதவர்களுக்கு

விசா இல்லாமலோ குழந்தைகளோடும் முதியவர்களோடுமோ பயணம் செய்பவர்கள் உள்ளேயே இருப்பதுதான் சரி. முதலில் தூக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். கடவுச்சீட்டுச் சோதனையைக் கடக்காமலே செல்லக்கூடிய பகுதியிலேயே மணிக்கணக்கில் அறை தரும் சிறு விடுதி இருக்கிறது. நான்கு மணி நேரம் படுத்து எழுந்து குளித்தால் மீதிப் பயணம் முழுவதும் உடல் ஒத்துழைக்கும். ரைக்ஸ்மியூசியத்தின் கிளை ஒன்று 2002-இலும், நூலகம் ஒன்று 2010-இலும் ஸ்கிபோலுக்குள் தொடங்கப்பட்டன. அன்றைக்குத் திறந்திருக்கின்றனவா என்று நிலையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் தயக்கமின்றிக் குடிக்கத் தக்கது. காலிப் புட்டி ஒன்று இருந்தால் போதும்.

திரும்பும்போது

பாதுகாப்புச் சோதனையையும் வெளியேறும் கடவுச்சீட்டுச் சோதனையையும் மறுபடி கடக்க வேண்டும். போர்டிங் பாஸில் அச்சான வாயில் எண்ணை நம்பாமல் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அது காலையில் இருந்தபடியே இருக்கும் என்பதில்லை. அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு வாயிலிலேயே தனியாகக் கேள்விகள் கேட்பார்கள். பெட்டியை யார் அடுக்கினார்கள், இடைவெளியில் எங்கே போனீர்கள், யாரிடமேனும் ஏதேனும் வாங்கிக்கொண்டீர்களா என்பவை வழக்கமானவை. நகரத்துக்குப் போய்வந்ததை மறைக்காமல் உள்ளபடி சொல்லுங்கள். ரயில் நேரமும் சென்ற இடமும் நினைவில் இருந்தால் அந்த உரையாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.